எழுபத்தோராவது முகம்

தாடையை இங்கே வையுங்கள் என்றாள் வென்லா.
வைத்தேன்.
நெற்றியை இந்தப் பட்டையில்.
அதுவும் வைத்தேன்.
இமைப்பது உங்கள் விருப்பம் என்றாள்.
அதன்பின் இமைப்பதைத் தவிர
வேறொன்றையும் நினைக்க முடியவில்லை.

ஊலு நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டு.
ஜன்னலில்லாத இந்த அறையில் மட்டும்
அளந்து ஊற்றியதுபோல் ஒரே வெளிச்சம்.
வெளிச்சம் மாறினால் கண்பாவை
அதற்காகவே விரிந்து சுருங்குமாம்.
முகத்துக்காகவா விளக்குக்காகவா என்று
பிரித்தறிய முடியாதாம்.
அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது.

நூற்று இருபது முகங்கள், நான்கு பொத்தான்கள்.
மகிழ்ச்சி, கோபம், பயம், துயரம்.
துயரத்தின் மேல் ஒட்டிய தாள்
ஓரத்தில் பிய்ந்திருந்தது.
எனக்கு முன் வந்த யாரோ
நகத்தால் சுரண்டியிருக்க வேண்டும்.
நூற்று இருபது பேரைவிட
அவரைத்தான் எனக்குப் புரிந்தது.

பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள்.
பிரேக் கத்தும் விதம் கேட்டு
எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவேன்.
பேருந்துக்கும் இரண்டு கண்கள் உண்டு.
எவ்வளவு நேரமும் பார்ப்பேன்;
அவை என்னிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லை.
மனிதர் கண் அப்படியில்லை,
வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்ப்பதுபோல.
பார்த்தால் வலி.
பார்க்காவிட்டால் கல்நெஞ்சன்.

இந்த ஊரில் எல்லோருமே
காலணியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.
அதனால்தான் நாற்பத்து மூன்று வயதுவரை
என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினாள்.
நூற்று இருபதில் ஐம்பத்தெட்டு சரி.
"எழுபத்தொன்றைப் பாருங்கள், யூர்க்கி."
கோபம் என்று அழுத்தியிருக்கிறேன்.
விடை துயரம்.
ஆனால் அதன் கீழே ஒரு கோடு,
என் கண்பாவையின் அகலம்,
மில்லிமீட்டரின் துணுக்குகளில்.
படம் வந்து ஒரு நொடி ஆகும் முன்பே
ஏறத் தொடங்கி
படம் போன பின்னும்
இறங்க மறந்து நின்றது.

ஏன் என்று கேட்டேன்.
"தெரியாது" என்றாள்.
"கதவு திறந்ததை மட்டும்தான் இது சொல்லும்.
உள்ளே வந்தது யார் என்று சொல்லாது."

எனக்குத் தெரியும்.
அந்த நடிகையின் கீழுதடு
உள்ளே மடிந்திருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று, பிப்ரவரி, சமையலறை.
நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதன் பளபளப்பில் வளைந்து தெரிந்தது
ஹெலியின் கீழுதடு.
பதினேழு சொட்டுகள் விழுந்தன.
"நான் அழுவதுகூட உனக்குத் தெரியவில்லை" என்றாள்.
அன்றிரவே வாஷரை மாற்றினேன்.
காலையில் சொட்டும் இல்லை,
வாசலில் அவளுடைய பனிக்காலணிகளும் இல்லை.

அகத்தில் இருப்பது முகத்தில் தெரியுமாம்.
யாருடைய முகத்தில் என்பதை மட்டும்
யாரும் சொல்வதில்லை.

"அந்த இரவுக்கும் இப்படி ஒரு கோடு
எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

வென்லா பதில் சொல்லவில்லை.
அவள் முகம் என்ன செய்தது என்று தெரியாது.
நான் பார்த்தது அவளுடைய பேனா மூடியை.
நான்கு முறை திறந்தது,
நான்கு முறை மூடியது.
பிறகு, வந்ததற்கு நன்றி என்று
சினிமா டிக்கெட் தந்தாள்.
இரண்டு.

எட்டாம் எண் பேருந்தில் திரும்பினேன்.
பின்பக்கம் இடது சக்கரம்
ஒவ்வொரு நிறுத்தத்திலும் முனகியது.
இறங்கும்போது ஓட்டுநரிடம் சொன்னேன்:
இன்னும் இரண்டு வாரம் தாங்கும், அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.
அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்
என்னைப் பார்த்தார்.
கண்ணாடியில் என்பதால்
நானும் பார்த்தேன்.